மூன்று வேளையும் ஒரே நிழல்

ஜூன் 12

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. உங்கள் இருமல் போய்விட்டதா, இன்னும் கூடவே குடியிருக்கிறதா?

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் கிடையாது அல்லவா? இந்த வருடம் வியாழக்கிழமைதோறும் ஒரு டீச்சர் திரையில் வருகிறார். வேறு ஊரில் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் ஏழு பள்ளிக்கூடங்களுக்குப் பாடம் நடத்துகிறார். நாங்கள் வரைந்ததைத் தபாலில் அனுப்புவோம். அவர் சிவப்புப் பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்புவார். என் பூனையின் பக்கத்தில் "இது பூனை என்று நீ எழுதியிருப்பதால் நம்புகிறேன்" என்று எழுதியிருந்தார்.

இந்த வருடத்துக்கான பெரிய பாடத்தின் தலைப்பு: பார்க்காத அறை. தூரத்தில் வேலை செய்யும் சொந்தக்காரர் ஒருவரின் அறையை, பார்க்காமலே, அவர் சொல்லக் கேட்டு வரைய வேண்டும். போட்டோ கூடாது, வீடியோ கூடாது. கடிதத்தில்தான் கேட்க வேண்டும். அந்தக் கடிதங்களையும் படத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஏழு பள்ளிகளிலிருந்து ஆறு பேரை எடுத்து, கோடை விடுமுறையில் ஒரு மாதம் டீச்சர் தன் வீட்டில் நேரில் சொல்லித்தருவார்.

எனக்குப் போக வேண்டும் மாமா. என் படத்தை இதுவரை யாரும் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னதில்லை. அம்மா சொல்வாள், ஆனால் அம்மா எல்லாவற்றையும் "நல்லாருக்கு" என்பாள்.

நீங்கள் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் மேனேஜர். உங்கள் அறையைப் பற்றி எழுதுங்கள். மஃப்ளரை மறக்காதீர்கள்.

வாலு


ஜூன் 24

என் செல்ல மருமகள் வாலுவுக்கு,

உன் மாமன் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறேன். இருமலை மிரட்டி அனுப்பிவிட்டேன். போகும்போது மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது. அக்காவின் முழங்காலிடம் நான் விசாரித்ததாகச் சொல். ஏறும்போது வலித்தால் ஏறாமலே இறங்கச் சொல்.

ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்க, வரைவதற்கு நீ என் அறையைத் தேர்ந்தெடுத்தாய் பார், அங்கே தெரிகிறது உன் மூளை. அது என் பக்கத்திலிருந்து வந்தது. நான் ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். உன் அம்மா ஒரே முறைதான் படித்தாள்.

எழுதிக்கொள். என் அறை நாற்பதடி நீளம், முப்பதடி அகலம். நடுவில் தேக்கு மேஜை. அதில் பன்னிரண்டு பேர் படுத்துத் தூங்கலாம். உயரம் சரியாக என் இடுப்பளவு. பின்னால் சுழல் நாற்காலி. தொட்டால் போதும், மூன்று சுற்று சுற்றும். மூன்று டெலிபோன். ஒன்று அடித்தால் மற்ற இரண்டும் பொறாமையில் அடிக்கும். எனக்குக் கீழே பதினான்கு பேர்.

இனிமேல்தான் முக்கியம். ஒரு ஜன்னல். கதவைவிடப் பெரியது. அதைத் திறந்தால் கடல். கடலில் மூன்று கப்பல். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று தூரத்தில் இருப்பதால் நிறம் தெரியவில்லை. கேப்டன் எனக்குக் கை காட்டுவார், நானும் காட்டுவேன். அறை முழுக்க வெள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறிக்கும்.

டீச்சரும் இதைப் படிப்பார் என்கிறாய். அவருக்கு என் வணக்கம். மாமாவைப் பற்றி இன்னும் விவரம் வேண்டுமென்றால் தயங்காமல் கேட்கச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, அக்காவையும் சாப்பிட வை.

உன் ஒரே மாமன்


ஜூலை 6

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் மன்னிப்புக் கேட்டதைப் படித்து அம்மா சிரித்து, சிரிப்பிலேயே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அதுதான் உங்களிடமிருந்து கிளம்பி இங்கே வந்திருக்கிறது போல. மற்றபடி சுகம். அம்மா கடிதத்தை மூன்று வீடுகளில் வாசித்துக் காட்டினாள். எதிர்வீட்டு டெய்லர் அக்கா, "உன் தம்பி கப்பலுக்கெல்லாம் கை காட்டுறானே, நமக்கு ஒருநாள் காட்டச் சொல்லு" என்றார்.

உங்கள் அறையைக் கட்டம் போட்டு வரைந்து பார்த்தேன். சில சந்தேகங்கள். மேஜை இடுப்பளவு என்றால் நின்றுகொண்டுதானே வேலை செய்ய முடியும்? அப்புறம் சுழல் நாற்காலி எதற்கு? கதவிலிருந்து மேஜைக்கு எத்தனை எட்டு? ஜன்னல் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது?

என் கட்டத்தைத் திரையில் காட்டினேன். டீச்சர் கன்னத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரூம் நல்லா பெருசா இருக்கு. ஆனா வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம ஒரு டம்ளரைக்கூட வரைய முடியாதும்மா" என்றார். வகுப்பில் எல்லோருக்கும் ஒரு சோதனை கொடுத்திருக்கிறார். உங்கள் மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். அதன் நடுவில் ஒரு டம்ளரை வைத்து, அதன் நிழலைச் சுற்றிக் கோடு போடுங்கள். காலை பத்து மணி, மதியம் ஒரு மணி, மாலை நான்கு மணி. மூன்று கோடுகள், பக்கத்தில் நேரம். தாளை நகர்த்தவே கூடாது.

வேலைக்கு நடுவில் சிரமம்தான். பதினான்கு பேரில் ஒருவரைச் செய்யச் சொன்னாலும் போதும்.

வெந்நீர் குடியுங்கள்.

வாலு


ஜூலை 19

வாலுக்குட்டிக்கு,

நலமோ நலம். அக்காவிடம் போன இருமலைத் திருப்பி அனுப்பச் சொல். அது என் சொத்து.

சோதனையை வேறு ஆளிடம் கொடுப்பதா? உன் படிப்பு விஷயம். நானே செய்தேன். தாளை நான்கு மூலையிலும் ஒட்டினேன். டம்ளரை வைத்து அதைச் சுற்றியும் கோடு போட்டேன், நகர்ந்தால் தெரிய வேண்டுமே! கூட வேலை செய்யும் நெட்டை டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்க வந்தான். "தொட்டே, கையை உடைச்சிருவேன். இது படிப்பு சமாச்சாரம்" என்றேன். பாவம், அன்று முழுக்கக் குழாயில் வாய் வைத்துக் குடித்தான்.

பத்து மணி, ஒரு மணி, நான்கு மணி. ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. மயிரிழை பிசகாமல் வரைந்திருக்கிறேன். மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக எப்படி உட்கார்ந்திருக்கிறது பார்! இந்த மாதிரிக் கை யாருக்கு வரும்? தாளை இதோடு வைத்திருக்கிறேன். டீச்சரிடம் கட்டாயம் காட்டு.

உன் சந்தேகங்கள். கதவிலிருந்து மேஜைக்கு நான்கு எட்டு. அறை பெரிது, எட்டும் பெரிது. நாற்காலி இருந்தும் நான் உட்காருவதில்லை. மேனேஜர் உட்கார்ந்தால் பதினான்கு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஜன்னல் இடது பக்கம். அதனால்தான் நிழல் வலது பக்கம் விழுந்திருக்கிறது. இதுகூடத் தெரியாமலா மேனேஜர் ஆனேன்?

கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுக்காதே. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நிழல் தாள் வந்தது. டீச்சரிடம் காட்டினேன். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுத் தாள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் பென்சில் கோடு அங்கும் இங்கும் அலைந்திருந்தது. உங்களுடையதை மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இந்த மாமாவுக்குக் கண்ணால பார்த்ததை மாத்தி வரையத் தெரியல. பொய்யே வராத கை."

இதைச் சொல்லத்தான் எழுதினேன். வேறு கேள்வி எதுவும் இல்லை.

வாலு


செப்டம்பர் 10

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு எதுவும் இல்லையே? அம்மா போன் செய்தால் "டூட்டியில இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்களாம். முழங்கால் வலிகூட அவளுக்கு மறந்துபோயிற்று. "அவன் பேசாம இருக்கிற ஆளா? வாயைக் கட்டிப்போட்டாலும் மூக்கால பேசுவானே" என்று கவலைப்படுகிறாள்.

மாமா, படத்தை அனுப்பக் கடைசி நாள் அக்டோபர் 31. அறை கிடைக்காதவர்கள் வீட்டு அடுக்களையை வரையலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆறு பேரில் ஒருவராக வர வேண்டுமானால் பார்க்காத அறையைத்தான் வரைய வேண்டும். நான் இன்னும் அடுக்களையைத் தொடங்கவில்லை.

இன்னொரு விஷயம். போன வியாழன் என் கடிதக் கோப்பைத் திரையில் காட்டினேன். டீச்சர் உங்கள் கடிதத்தைப் படிக்கவே இல்லை. மடிப்பைத்தான் பார்த்தார். "விரிச்சு மறுபடி மடி பார்ப்போம்" என்றார். மடித்தேன், மூலை மூலையோடு சேரவில்லை. வகுப்பில் ஏழு பேர் முயன்றார்கள். ஒருவருக்கும் வரவில்லை. "ஸ்கேல் வச்சாலும் இப்படி வராது. யாரும்மா இவரு? என்ன வேலை பார்க்கிறாரு?" என்று கேட்டார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எப்படி மாமா இப்படி மடிக்கிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். போதும். வீட்டுக்கு வேண்டாம் என்றால் பள்ளி முகவரிக்கு எழுதுங்கள்.

சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வாலு


செப்டம்பர் 27

(பள்ளி முகவரிக்கு)

என் கண்ணு வாலுவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இருமல் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது என்று எழுதினேனே, அது போகவே இல்லை. இங்கேயேதான் இருக்கிறது. ஆவியில் வேலை செய்கிறவனுக்கு அது வரும். டாக்டர்கள் மேலே இருக்கிறார்கள், மருந்து கொடுக்கிறார்கள், பயமில்லை.

ஆகஸ்டில் உன் கடிதம் வந்த அன்று நான் தரையிலேயே இல்லை. நெட்டையைக் கூப்பிட்டேன்.

"பாருடா. படிச்ச டீச்சர் சொல்லியிருக்காங்க. எனக்குப் பொய்யே வராதாம்."

அவன் கடிதத்தை வாசித்தான். "அண்ணே, காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு வேளையும் நிழல் ஒரே பக்கமாவா விழுந்துச்சு?"

"ஆமா. அவ்வளவு கரெக்டா வரைஞ்சேன்."

"சூரியன் நகரும்ல அண்ணே. டியூப்லைட்தானே நகராது."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துணி வண்டிக்குள்ளேயே விழுந்து சிரித்தான். எனக்குக் காது வரை சுட்டது. உனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கடிதத்தில் நீ ஜன்னலைப் பற்றிக் கேட்காமல் விட்டாய் பார், அதுதான் என் வாயை அடைத்தது. திட்டியிருந்தால் அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன்.

ஆனால் மடிப்பைப் பற்றி ஒருவர் கேட்டபின் எவனால் சும்மா இருக்க முடியும்? கேட்டுக்கொள். இதில் நான் ஒன்றும் கூட்டப்போவதில்லை, கூட்டவும் தேவையில்லை.

இந்த ஆஸ்பத்திரியில் ஆறு மாடி. நான் மேனேஜர் இல்லை. அடித்தளத்துச் சலவைப் பிரிவில் இருக்கிறேன், பதினோரு வருடமாக. எனக்குக் கீழே பதினான்கு பேர் என்றேன். எனக்குக் கீழே தரைதான் இருக்கிறது. மற்ற எல்லோரும் எனக்கு மேலே. மொத்தக் கட்டடமும் என் தலைமேல்தான் நிற்கிறது என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை.

துவைத்த பெட்ஷீட்கள் உருளை மெஷினுக்குள் ஒரு பக்கம் ஈரமாகப் போகும், மறு பக்கம் அப்பளம் மாதிரி வரும். வருவதைப் பிடித்து மடிப்பது நான். ஒரு நாளைக்கு அறுநூறு. வெறுமே நான்காக மடித்து அடுக்க யாராலும் முடியும். என் மடிப்பு வேறு. முதலில் நீளவாக்கில் பாதி, அப்புறம் ஒரு பாதியை விசிறி மாதிரி. அதன் நடு மடிப்பைக் கட்டிலின் நடுக்கோட்டில் வைத்தால், நோயாளியை ஒரு பக்கம் புரட்டி இந்தப் பாதியை விரிக்கலாம், மறு பக்கம் புரட்டி அந்தப் பாதியை இழுக்கலாம். படுத்திருப்பவரைத் தூக்கவே வேண்டாம். ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு அசைவு குறைந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? மூன்றாம் மாடி நர்ஸம்மா இறங்கி வந்து, "மாமா மடிச்ச துணிக்கட்டை மட்டும் எங்களுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். வயசானவர் முதல் சின்னப்பிள்ளை வரை இங்கே எல்லோருக்கும் நான் மாமாதான்.

இப்போது அறை. நெட்டை ஒரு முனையைப் பிடிக்க, டேப் வைத்து அளந்தேன். நீளம் இருபத்திரண்டடி. அகலம் பதினான்கடி. உயரம் எட்டரை. கதவு குறுகிய சுவரில், வலது ஓரத்தில். உள்ளே வந்தால் நான்கு எட்டில் மடிப்பு மேஜை. அந்த நான்கு எட்டு உண்மை. மேஜை ஏழடிக்கு மூன்றடி, மேலே தகரம். தேக்கு இல்லை. இடுப்பளவு உயரம், அதுவும் உண்மை. எதிரே உருளை மெஷின், அதற்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி. இடது சுவரில் இரண்டு டியூப்லைட். ஒன்று லேசாகச் சிமிட்டும். தள்ளுவண்டிகள் நான்கு. அதில் ஒன்றின் சக்கரம் அழும். டெலிபோன் ஒன்று, மற்றவர்களுக்குத்தான் அடிக்கும். நாற்காலி இல்லை. வலது சுவர் முழுக்க வெள்ளைத் துணி அடுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை என்று எழுதினேனே, அதுவும் உண்மைதான்.

எதிர்ச் சுவர் வெறும் சுவர். நான் நாள் முழுக்க அதைப் பார்த்துத்தான் நிற்கிறேன். ஜன்னல் அங்கேதான் இருந்தது, அதாவது என் மனசில்; நிழலுக்குப் பொருந்த வேண்டுமே என்றுதான் இடது பக்கம் என்று எழுதினேன்.

அக்காவிடம் இதைக் காட்டாதே. தெரு முழுக்க மேனேஜர் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

தைரியமாக வரை.

மாமா


அக்டோபர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

மருந்தை நேரத்துக்குக் குடிக்கிறீர்களா? உண்மையை எழுதுங்கள். இப்போது உங்களுக்கு அது நன்றாக வருகிறது.

படம் வளர்கிறது. உங்கள் அளவுகளைக் கட்டத்தில் போட்டவுடன் எல்லாக் கோடும் தானாக ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன மாமா! நாற்பதடி அறையோடு ஒன்றரை மாதம் மல்லுக்கட்டினேன், ஒரு கோடும் நிற்கவில்லை. இருபத்திரண்டடி அறை இரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிட்டது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். எல்லாக் கடிதங்களையும் வைக்க வேண்டும் என்பது விதி. தேர்வானால் படமும் பக்கத்தில் கடிதங்களும் டிசம்பரில் நம் ஊர் நூலகக் கூடத்தில் மாட்டப்படும். தெருவே வரும். அம்மா முதல் வரிசையில் நிற்பாள்.

வைக்காதே என்று நீங்கள் சொன்னால் வைக்க மாட்டேன். அடுக்களையை வரைந்து அனுப்பிவிடுவேன். கோபப்பட மாட்டேன். சத்தியமாக.

வாலு


அக்டோபர் 18

வாலுவுக்கு,

மருந்து குடிக்கிறேன். கசக்கிறது. அக்காவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் மடித்தேன். ஆயிரத்து எண்ணூறு பெட்ஷீட். கடைசியில் நெட்டைதான் கேட்டான்: "ஏண்ணே, அறுநூறு மடிக்கிறது அசிங்கமா, ஜன்னல் இல்லாதது அசிங்கமா?" அவனைத் திட்டிவிட்டேன்.

வை. எல்லாவற்றையும் வை. அடுக்களையை உன் அம்மாவே தினமும் பார்க்கிறாள், அதை எதற்கு வரைய வேண்டும்?

ஒரு திருத்தம். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி என்று எழுதியிருந்தேன். மறுபடி அளந்தேன். ஒன்றேமுக்கால்தான். அந்தக் கால் அடியை ஏன் கூட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்கம்.

என்னை வரைந்தால் மீசையைக் கொஞ்சம் கவனித்துப் போடு. அதில் நான் எதுவும் கூட்டிச் சொன்னதில்லை.

மாமா


டிசம்பர் 14

என் மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். சுகத்துக்கும் மேலே என்ன இருக்கிறதோ, அது.

ஆறு பேரில் நான் ஒருத்தி! மே மாதம் போகிறேன். டீச்சர் திரையில் பெயர்களைப் படித்தபோது எனக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவள் கிள்ளியபிறகுதான் புரிந்தது.

நூலகக் கூடத்தில் ஆயிரம் பேர் வந்தார்கள். சரி, நூற்றுப்பத்து. டீச்சரே நேரில் வந்திருந்தார். திரையில் தெரிவதைவிட ரொம்பக் குள்ளம். என் படத்தின் முன்னால் நின்று, "அந்த ஒண்ணேமுக்கால் அடியை நல்லா பிடிச்சிருக்கே. அந்த இடுக்குலதான் ரூமே மூச்சு விடுது" என்றார். படத்தில் நீங்கள் முதுகைக் காட்டி நிற்கிறீர்கள். இரண்டு கையும் விரித்து பெட்ஷீட்டைப் பிடித்திருக்கிறீர்கள். மீசையின் இரண்டு நுனியும் பின்னாலிருந்தே தெரிகிறது. கவனித்துத்தான் போட்டேன்.

அம்மா கடிதங்களை முதலிலிருந்து கடைசி வரை நின்றுகொண்டே படித்தாள். முழங்காலை ஒரு தடவைகூடத் தடவவில்லை. எதிர்வீட்டு டெய்லர் அக்கா பின்னாலிருந்து மெல்லக் கேட்டார்: "ஏன் இவளே, தம்பி மேனேஜர்னு சொன்னியே?"

அம்மா திரும்பினாள். "மேனேஜர் ஊருக்கு நூறு பேர் இருக்கான். நோயாளி அசையாம விரிக்கிற மாதிரி மடிக்கத் தெரிஞ்ச ஒருத்தனைக் கொண்டு வா பார்ப்போம். ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்ஷீட்!"

"அறுநூறும்மா" என்றேன்.

"நீ சும்மா இருடி" என்றாள். யாரிடமிருந்து உங்களுக்கு அந்தப் பழக்கம் வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டம் கலையும்வரை வந்தவர் போனவர் எல்லோரையும் இழுத்துக் கொண்டுவந்து, "இவன் என் தம்பி. முதுகைப் பார்த்தாலே தெரியலையா?" என்று காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினோரு வருஷம் வெறும் சுவத்தைப் பார்த்துக்கிட்டா நிக்கிறான்" என்றாள். படத்தை மட்டும் "நல்லாருக்கு" என்று சொல்லவே இல்லை மாமா.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. நீளக் குழாய். மடிக்காமல் எடுங்கள், உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும். போட்டிக்காக வரைந்தது இல்லை. உங்களுக்கு. எதிர்ச் சுவருக்கு அளவெடுத்து வரைந்தது.

இருமலுக்கு அம்மா ஒரு மஃப்ளர் பின்னி அதே பார்சலில் வைத்திருக்கிறாள்.

உங்கள் வாலு


ஜனவரி 2

ஓவியர் வாலு அவர்களுக்கு, உலகத்திலேயே பெருமையான மாமன் எழுதுவது.

நான் நலம். இருமல் பாதியாகிவிட்டது. டாக்டரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். மஃப்ளர் சரியாக இருக்கிறது. அக்காவின் முழங்காலுக்கு என் நன்றி. சரியான நேரத்தில் வலிக்காமல் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை முதல் எங்கள் சலவை அறையின் எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அளவு: அகலம் நான்கடி, உயரம் மூன்றடி இரண்டு அங்குலம். நெட்டை டேப் பிடித்தான். வெளியே கடல். கடலில் மூன்று கப்பல். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று தூரத்தில் இருப்பதால் நிறம் தெரியவில்லை. நான் ஜூன் மாதம் எழுதியது ஒன்றுவிடாமல் இருக்கிறது. வெள்ளைக் கப்பலில் ஒரு பொடி ஆள் கை காட்டுகிறான். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுகிறது, டியூப்லைட் இருக்கும் அதே பக்கம். இப்போது ஜன்னல் கம்பியின் நிழலும் டம்ளரின் நிழலும் ஒரே பக்கம் விழுகின்றன. இதையெல்லாம் யோசித்து வரைந்தாய் பார், அந்த மூளை நான் சொன்னபடி என் பக்கத்திலிருந்துதான் வந்தது.

எங்கள் சூப்பர்வைசர் கண்ணாடிக்காரர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "யாருய்யா இங்க ஜன்னல் வச்சது?"

"என் மருமக" என்றேன்.

"சொந்தமா வரைஞ்சதா?"

"அவ இன்னும் இந்த ஊரையே பார்த்ததில்லை சார்."

மனிதர் கிட்டே போய்க் கப்பல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். போகும்போது, "திறந்தே இருக்கட்டும்" என்றார். மூன்றாம் மாடி நர்ஸம்மா சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்து அதைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். காற்று வருகிறதாம்.

அறுநூறு, இன்று அறுநூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது. சரியாக எண்ணினேன்.

இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை. டீச்சரிடமும் காட்டலாம். மே மாதம் அங்கே போனதும் தினமும் ஒரு வேளையாவது வெளியே வந்து வெயிலைப் பார். அது நகர்வதை எனக்காகவும் பார்த்து வை.

மதியத்துக்குமேல் சிவப்புக் கப்பல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. அதை மட்டும் நம்பாதே.

மாமா